துவைக்கிற மெஷினே நாறினால்

"ஏனுங்க, மெஷினுக்குள்ள என்னமோ செத்துக் கெடக்குதுங்க" என்றுதான் எனக்கு வரும் பாதி போன்கள் ஆரம்பிக்கும். கோவையில் பதினேழு வருடமாக வாஷிங் மெஷின் சர்வீஸ் பார்க்கிறேன். நிஜமாகவே செத்துக் கிடந்தது நான்கு தடவைதான்: மூன்று எலி, ஒரு பல்லி. மற்ற வீடுகளில் நாறியதெல்லாம் வீட்டுக்காரர்களே காசு கொடுத்து வாங்கி ஊற்றியது.

ஆமாம், சோப்பும் வாசனைத் திரவமும்தான். போன மாதம் வடவள்ளியில் ஒரு வீடு. ஃப்ரன்ட் லோட் மெஷின், மூன்று வயதுகூட ஆகவில்லை. துணியில் வாடை வருகிறது என்று அந்த அக்கா ஒரு மூடி ஊற்றிக்கொண்டிருந்த ஃபேப்ரிக் கண்டிஷனரை இரண்டு மூடியாக்கி, அப்புறம் மூன்றாக்கியிருக்கிறார். வாடையும் கூடவே வளர்ந்திருக்கிறது. நான் துணியே போடாமல், பவுடரும் போடாமல், 60 டிகிரியில் சும்மா ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நுரை பொங்கியது. "பவுடரே போடலையேங்க!" என்றார். அது பழைய நுரை. போன தீபாவளிக்குப் போட்ட பவுடராகக்கூட இருக்கும். இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம், செலவு கிடையாது.

உள்ளே நடப்பது இதுதான். நாம் பார்க்கிற ஸ்டீல் டிரம்முக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் டப் இருக்கிறது. தண்ணீர் நிற்பது அதில்தான். ஃப்ரன்ட் லோடில் தண்ணீர் குறைவு, டப்பின் கீழ்ப்பகுதியோடு நின்றுவிடும். பவுடர் அதிகமானால் நுரை மேலே ஏறி, அலசுகிற தண்ணீர் எட்டாத இடங்களில் அழுக்கோடு போய் ஒட்டிக்கொள்ளும். கண்டிஷனரில் இருப்பது கொழுப்புத் தன்மையுள்ள பொருள். துணியில் படிந்து மிருதுவாக்குவதுதான் அதன் வேலை, டப்பிலும் அதே போலப் படியும். நம் வியர்வையும் தோல் எண்ணெயும் அதோடு சேர்கின்றன. பச்சைத் தண்ணீரிலேயே துவைப்பதால் எதுவும் கரைவதில்லை. கதவையும் உடனே மூடிவிட்டால் கிருமிக்கு இருட்டு, ஈரம், சாப்பாடு மூன்றும் தயார். டப்பைக் கழற்றும்போது வழவழவென்று சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும், அதைப் பார்த்தவர் மறுநாள் சரியாகச் சாப்பிட மாட்டார்.

கோவைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, அதில் பவுடர் கொஞ்சம் போதும். போர் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து தயிர்போலத் திரிந்து படியும். அதன்மேல் மற்ற அழுக்கு பிடித்துக்கொள்ளும். அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. உப்புத் தண்ணீர் வீட்டில் டெஸ்கேலிங் பவுடரோ, 100 கிராம் எலுமிச்சை உப்போ (சிட்ரிக் அமிலம்) போட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை காலியாகச் சூட்டில் ஓட்டினால் சுண்ணாம்பு கரையும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை அமிலம் கரைக்காது. அதற்குச் சலவை சோடாவும் சூடும் வேண்டும். நல்ல தண்ணீர் வீட்டில் டெஸ்கேலிங் பவுடரை மாதாமாதம் கொட்டிவிட்டு வாடை போகவில்லை என்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரோ திரவ பிளீச்சோ போட்ட மெஷினில் வினிகர், எலுமிச்சை, டெஸ்கேலிங் பவுடர் எதையும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். ஒரு வீட்டில் "ரெண்டும் சேர்த்தா சீக்கிரம் போகும்னு நெனச்சேன்" என்று இருமிக்கொண்டே கதவைத் திறந்தார்கள். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றோம்.

அடுத்து ரப்பர். கதவைச் சுற்றியுள்ள கேஸ்கெட்டின் மடிப்பைக் கீழ்ப்பக்கம் விரலால் விரித்துப் பாருங்கள். முடி, ஹேர்பின், சில்லறை, ஊறிப்போன பஸ் டிக்கெட், அதற்கடியில் கறுப்புப் பூசணம். அங்கே தண்ணீர் வடிவதற்குச் சிறு ஓட்டைகள் உண்டு. அவை அடைத்தால் ஒரு டம்ளர் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். ஒவ்வொரு நாளும் கடைசி லோடு முடிந்ததும் பழைய துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். முன்பக்கம் கீழே ஒரு சின்ன மூடிக்குள் டிரெயின் ஃபில்டர் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பல வீட்டில் தெரியாது. அழுகிய முட்டை வாடை வந்தால் முதலில் அங்கேதான் கை வைப்பேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருப்பது சுடுதண்ணீரா என்று பார்த்து, தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள்.

டாப் லோடில் வாடை பெரும்பாலும் அடியில் சுழல்கிற தட்டுக்குக் கீழே இருக்கும். அதைக் கழற்றுவது எங்கள் வேலை. நீங்கள் செய்யக்கூடியது, பஞ்சு சேர்கிற வலைப் பையை வாரம் ஒரு முறை கழுவுவது. ஹீட்டர் இல்லாத மெஷின் என்றால் சூடான தண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றி, சலவை சோடா போட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு ஓட்டலாம். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

சாக்கடை வாடை என்றால் மெஷின்மேல் பழி போடுவதற்கு முன் குழாயைப் பாருங்கள். டிரெயின் ஹோஸைச் சாக்கடைக் குழாய்க்குள் முழங்கை ஆழத்துக்குச் சொருகி, துணி சுற்றி இறுக்கிவைத்திருப்பார்கள். அங்கிருக்கிற காற்று நேராக டப்புக்கு வந்துவிடும். நுனி மட்டும் உள்ளே இருக்கட்டும், சுற்றிலும் காற்றுப் போக இடம் விடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பியதும் வாடை வந்தால் பாத்ரூம் தரைச் சல்லடையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் நிற்கிற தண்ணீர் காய்ந்துபோய் நாற்றம் மேலே வந்திருக்கும். இதற்காக மட்டும் என்னைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்கள் உண்டு. வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும்.

ரப்பர் கருகுகிற வாடை வந்தால் எந்த வைத்தியமும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மெஷினை அழுக்குக் கூடையாக வைத்திருக்கிற பழக்கமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதான் துவைப்பது, ஆனால் திங்கள் வியர்த்த சட்டை அன்றைக்கே உள்ளே போய் மூடி விழும். ஒரு மூங்கில் கூடை வாங்குங்கள். துவைத்த பிறகு கதவைத் திறந்து வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், உங்கள் கண்பார்வையில் இரண்டு மணி நேரம் திறந்து காயவிட்டு மூடிவிடுங்கள். டிரம்முக்குள் ஏறி உட்காருவது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு.

வடவள்ளி அக்கா இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "மெஷின்ல வாடையே இல்லீங்க, ஆனா துண்டு மட்டும் நனைஞ்சா நாறுதுங்க." இது நான் எதிர்பார்த்ததுதான். ஈரத்துணி வாடைக்குக் காரணமான மொராக்செல்லா என்ற பாக்டீரியாவை ஜப்பான் ஆய்வாளர்கள் 2012-இல் அடையாளம் காட்டினார்கள். அது நூலுக்குள்ளேயே தங்கிவிடும். காய்ந்தால் வாடை தெரியாது, நனைந்தால் மறுபடி கிளம்பும். துண்டுகளை மட்டும் தனியாக 60 டிகிரியில், கண்டிஷனர் இல்லாமல் ஓட்டி, மொட்டை மாடி வெயிலில் போடச் சொன்னேன். "கண்டிஷனர் ரெண்டு பாட்டில் வாங்கி வெச்சுட்டனேங்க" என்றார்.