பழைய பைக்குக்கு கிளட்ச் மாற்றும்போது எதை வாங்குவது?

பாபநாசத்திலிருந்து காரையாறு அணைக்கு ஏறும் சாலையில், பின்னால் ஆளோடு ஆக்சிலேட்டரை முறுக்கினால் இஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது இஞ்சின் விசையை முழுதாகக் கடத்தாமல் வழுக்குகிறது. ‘பிளேட் போச்சு’ என்பார்கள் மெக்கானிக்குகள். அதற்கு முன் கிளட்ச் லீவரைப் பாருங்கள். நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கேபிள் கிளட்சைப் பாதி அமுக்கியே வைத்திருக்கும். புது பிளேட் போட்டாலும் வழுக்கும்.

பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எண்ணெயில் ஊறும் அடுக்கு. உராய்வுப் பூச்சுள்ள கிளட்ச் பிளேட்டும் வெறும் இரும்பு பிரஷர் பிளேட்டும் மாறி மாறி வரும். முன்னது ஹவுசிங் எனும் வெளிக்கூட்டோடு சுற்றும், பின்னது நடுவிலுள்ள ஹப்போடு. லீவரை விட்டதும் ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் நெருக்கிப் பிடிக்கும். நான்கு கிளட்ச் பிளேட் என்றால் உராய எட்டு முகம். ஒவ்வொரு பிளேட்டும் 0.3 மி.மீ. தேய்ந்தால் அடுக்கு 1.2 மி.மீ. மெலியும், ஸ்பிரிங் அந்த அளவுக்கு நீண்டு, அழுத்தம் குறையும். பல வருடம் சூட்டில் கிடந்த ஸ்பிரிங் தானாகவும் தளர்ந்திருக்கும். அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் பிடிப்பும் பத்து சதவீதம் குறையும். அதனால் பிளேட்டோடு ஸ்பிரிங்கையும் செட்டாக மாற்றுங்கள். பழைய ஸ்பிரிங்கை விட்டுவைப்பது வெட்டிச் சிக்கனம்.

அதற்காகப் பந்தய வண்டிக்கான விறைப்பான ரேஸ் ஸ்பிரிங் வேண்டாம். களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் 100 சிசி வண்டிக்கு அது தருவது கைவலியும் அறுந்த கேபிளும்தான்.

பிரஷர் பிளேட்டைக் கண்ணாடிமேல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை அடியில் விடுங்கள். 0.2 மி.மீ. நுழைந்தால் வளைந்துவிட்டது. நீலம் பாரித்திருந்தால் சூடேறிக் கெட்டது. ஹவுசிங் விரல்களில் பிளேட்டின் காது (ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பல்) பட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் காது மாட்டினால் லீவரைப் பிடித்தாலும் அடுக்கு முழுதாகப் பிரியாது. சிக்னலில் நியூட்ரல் விழாது. லேசான பள்ளத்தை அரம் போட்டுச் சரிசெய்யலாம். ஆழமானால் மட்டும் முழு அசெம்ப்ளி வாங்குங்கள்.

கடைக்குப் பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே பெயரில் வந்த வண்டியிலும் வருடத்துக்கு வருடம் பிளேட் மாறும். விட்டம், தடிமன், காதுகளின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மலிவு பிளேட்டில் பூச்சு உரிந்து, துகள் ஆயில் வடிகட்டியை அடைக்கும்.

புது பிளேட்டை இஞ்சின் ஆயிலில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காய்ந்த பிளேட் முதல் கிலோமீட்டரிலேயே கருகும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். அலுமினிய மரை சீக்கிரம் போய்விடும்.

டப்பாவில் ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, எண்ணெயில் ஊறும் கிளட்சுக்கான தர முத்திரை போட்ட ஆயிலே ஊற்றுங்கள். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து இருக்கும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு சேரும் 2டி ஆயில் எரிந்துவிடும். அதில் கிளட்ச் குளிப்பது கியர்பாக்ஸ் ஆயிலில். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் கிளட்ச் இடப்பக்கம், பிரைமரி கேஸுக்குள் (இஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் செயினை மூடும் பெட்டி) தனி ஆயிலில் இருக்கும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் லீவர் ஆட்டத்தை மறுபடி அளந்து கேபிளைச் சரிசெய்யுங்கள். பிளேட் தேயத் தேய அந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும்.