பனாமா கால்வாயின் ‘லாக்’: தமிழில் என்ன சொல்லலாம்?

பனாமா கால்வாய் வழியாகப் போகும் உல்லாசக் கப்பல் பயணத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், ‘லாக்’ என்ற சொல் வந்ததும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. சிலர் லாக் என்றே விட்டுவிடுகிறார்கள். சிலர் அகராதியைப் பார்த்துப் ‘பூட்டு’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘கப்பல் கட்டூன் பூட்டைக் கடந்தது’ (கட்டூன் என்பது கால்வாயில் ஓர் இடம்) என்று படிக்கிறவருக்கு என்ன புரியும்? ஏதோ சாவி போட்டுத் திறக்கிற கதவு என்றுதான் நினைப்பார். அங்கே நடப்பதோ, பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பல் ஒன்று தண்ணீரிலேயே படியேறி மலைநாட்டுக்குள் போகிற காரியம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த நீளமான கான்கிரீட் தொட்டி. தாழ்ந்த பக்கக் கதவு திறந்திருக்கும்போது கப்பல் உள்ளே வருகிறது. கதவை மூடி, மேலே இருக்கிற ஏரியிலிருந்து தொட்டிக்குள் தண்ணீரை விடுகிறார்கள். தண்ணீரோடு கப்பலும் உயர்கிறது. மேல்மட்டத்துக்கு வந்ததும் முன்பக்கக் கதவைத் திறந்தால் கப்பல் வெளியே போய்விடலாம். இறங்குவதற்கு இதையே திருப்பிச் செய்ய வேண்டும். எந்திரம் எதுவும் தண்ணீரை மேலே ஏற்றுவதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

பனாமாவில் இந்தச் சொல் இல்லாமல் கால்வாயே இல்லை என்று சொல்லலாம். 1869-ல் திறந்த சூயஸ் கால்வாயில் ஒரு லாக் கூடக் கிடையாது. இரண்டு பக்கக் கடலும் ஏறக்குறைய ஒரே மட்டம், நடுவில் மணல்வெளி. சூயஸை வெட்டிய வெற்றியோடு பனாமாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ் அங்கேயும் கடல் மட்டத்திலேயே வெட்டிவிடலாம் என்று 1881-ல் வேலையைத் தொடங்கினார். வழியில் இருந்த குலேப்ரா மேடு சரிந்து சரிந்து விழுந்தது. மழைக்காலத்தில் சாக்ரஸ் ஆறு பெருக்கெடுத்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் சேர்ந்து சுமார் 22,000 பேரைக் கொண்டுபோனதாகக் கணக்கிடுகிறார்கள். 1889-ல் அவருடைய நிறுவனம் திவாலானது. 1904-ல் வேலையை எடுத்துக்கொண்ட அமெரிக்கர்கள் சில ஆண்டுகளில் வேறு வழிக்கு வந்தார்கள். மலையைக் கடல் மட்டம் வரை வெட்ட வேண்டாம், சாக்ரஸ் ஆற்றைக் கட்டூனில் அணை கட்டி நிறுத்திக் கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரியை உண்டாக்குவோம், கப்பலை அந்த ஏரிக்கு ஏற்றி மறுபக்கம் இறக்குவோம் என்பதே அந்த வழி. 1914 ஆகஸ்ட் 15 அன்று ஆன்கான் என்ற கப்பல் கடந்ததோடு கால்வாய் திறக்கப்பட்டது. முன்பு தோல்வி கொடுத்த அதே ஆறுதான் இன்று ஒவ்வொரு கப்பலையும் தூக்கிவிடுகிறது.

இனி சொல்லுக்கு வருவோம். ‘லாக்’ பழைய ஆங்கிலச் சொல். தாழ்ப்பாள் என்ற பொருளோடு, அடைத்து வைக்கும் இடம் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆற்றில் தண்ணீரை அடைத்து நிறுத்தும் தடுப்புக்கு வந்த பெயர், பிறகு இரண்டு கதவுக்கு நடுவே உள்ள தொட்டிக்கும் வந்தது. ஆக, ஆங்கிலத்திலேயே இங்கே சாவி போடும் பூட்டு என்ற பொருள் கிடையாது. பனாமாக்காரர்கள் பேசும் ஸ்பானியத்தில் இதற்கு ‘எஸ்க்ளூசா’ என்று பெயர். அது ‘வெளியே அடைக்கப்பட்ட தண்ணீர்’ என்று பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர் மதகைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்லூஸ்’ என்ற சொல்லும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததே. இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டால் தமிழ்ச் சொல் தேடுவது எளிதாகிறது.

இரட்டைக் கதவுத் தொட்டியை முதலில் கட்டியவர்கள் சீனர்கள். 984-ல் பெருங்கால்வாயில் சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி அதைக் கட்டினார். அதற்கு முன்பு சரக்குப் படகுகளைச் சரிவில் கயிறு கட்டி இழுத்து ஏற்றுவார்கள். அதில் படகுகள் உடைந்தன, அந்தச் சந்தடியில் தானியமும் திருடுபோனது. திருட்டைத் தடுக்கப் போய்ப் பிறந்த கருவி இது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிறகு இத்தாலியில், மிலான் நகரக் கால்வாய்களில், இரண்டு கதவுகளும் நடுவில் ஒரு கோணமாகச் சேரும் அமைப்பு வந்தது. லியொனார்டோ டா வின்சியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அமைப்பு அது. கோணத்தின் கூர்முனை மேட்டுத் தண்ணீரைப் பார்த்திருக்கும். தண்ணீர் அழுத்த அழுத்தக் கதவு இன்னும் இறுக மூடிக்கொள்ளும். பனாமாவின் பழைய தொட்டிகளில் இன்றும் இதே கதவுதான். சுமார் 2 மீட்டர் கனமுள்ள எஃகுக் கதவு. உள்ளே கூடாக இருப்பதால் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது.

சரி, தமிழில் என்ன? தண்ணீரை அடைத்துத் திறக்கும் வேலைக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஏரியிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வாயில் மதகு. மிகுந்த தண்ணீர் வழிந்தோடக் கலிங்கு. கரைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்வழி தூம்பு. திறந்து மூடும் அடைப்பு மடை. ‘மடை திறந்த வெள்ளம் போல’ என்று இன்றும் பேசுகிறோம். கண்மாயில் மடையைத் திறந்து மூடுகிறவருக்குப் பாண்டிய நாட்டில் மடைக்குடும்பன் என்று பெயரே இருந்தது. ஆனால் இவற்றில் எதுவும் தனியாக லாக்குக்குப் பொருந்தாது. மதகும் மடையும் தண்ணீரை மட்டும் விடும் வழிகள். லாக்கில் முக்கியமானது, இரண்டு மடைக்கு நடுவில் கப்பல் நிற்கும் தொட்டி.

அதனால் நான் ‘மடைத்தொட்டி’ என்று எழுதுகிறேன். இரண்டு சொல்லும் எல்லாருக்கும் தெரிந்தவை. சேர்த்துச் சொன்னதும் கதவும் கண்முன் வருகிறது, தொட்டியும் வருகிறது. ‘நீர்ப்பூட்டு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. வெறும் பூட்டைவிட அது தேவலை. ஆனாலும் அதைப் படித்து, கப்பல் உயரும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. பேச்சில் லாக் என்று சொல்வதில் தவறு ஒன்றுமில்லை. சென்னை பக்கிங்காம் கால்வாயிலும் லாக்குகள் இருந்தன. சேப்பாக்கத்தில் அந்தக் கால்வாயை ஒட்டி லாக் நகர் என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. விளக்கி எழுதும் இடத்தில்தான் தமிழ்ச் சொல் உதவுகிறது.

கால்வாய் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால் என்றால் நீரோடும் வழி. வாய்க்கால், கால்வாய் இரண்டும் அதே இரு சொற்கள்தான், இடம் மாறி நிற்கின்றன. சிறியதை வாய்க்கால் என்றும் பெரியதைக் கால்வாய் என்றும் வழக்கம் பிரித்து வைத்துக்கொண்டது. ‘கனால்’ என்ற மேலைச் சொல்லோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். அது நாணலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் கப்பல் விடியற்காலையில் கட்டூனை நெருங்கும். கால்வாயின் வழிகாட்டி மாலுமி ஏறிக்கொள்வார். மற்றத் துறைமுகங்களில் அவர் ஆலோசகர் மட்டுமே. இங்கே கப்பலைச் செலுத்தும் பொறுப்பு முழுக்க அவருடையது. மடைத்தொட்டி வாசலில் இவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கு நடுவே, ஒரு சின்னத் துடுப்புப் படகில் இருவர் வந்து கயிற்றை வாங்கிக் கொடுப்பார்கள். அந்தக் கயிற்றில் கட்டித்தான் எஃகு வடத்தைக் கப்பலுக்கு இழுக்கிறார்கள். வடத்தின் மறுமுனை கரையில் தண்டவாளத்தில் ஓடும் மின்வண்டியில் இருக்கும். அதன் பெயர் ‘மூலா’, அதாவது கோவேறு கழுதை. கப்பல் தன் எந்திரத்தால்தான் நகர்கிறது. சுவரில் இடிக்காமல் நடுவில் பிடித்து வைப்பது மூலாக்களின் வேலை. பழைய தொட்டியின் அகலம் 33.5 மீட்டர். அதில் நுழையும் மிகப் பெரிய கப்பலின் அகலம் 32.3 மீட்டர். பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர்தான் இடைவெளி. கீழ்த்தள பால்கனியில் நிற்பவருக்கு ஈரமான கான்கிரீட் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் தெரியும். அந்தச் சுவர் மெல்லக் கீழே இறங்குவது போலத் தோன்றும். ஏறத்தாழ பத்து நிமிடத்தில் ஒரு படி முடிந்துவிடும். கட்டூனில் இப்படி மூன்று படி. அப்புறம் ஏரி, குலேப்ரா வெட்டு, பெட்ரோ மிகேலில் ஒரு படி இறக்கம், மிராஃப்ளோரஸில் இரண்டு. மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர், ஒரு பகல் பொழுது.

ஒரு கப்பல் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலந்துவிடுகிறது. 2023-ல் மழை பொய்த்து ஏரியின் நீர்மட்டம் இறங்கியபோது ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்தான் என்று குறைக்க வேண்டியதாயிற்று. 2016 ஜூனில் திறந்த பெரிய மடைத்தொட்டிகளில், ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் மூன்று சேமிப்புக் குளங்கள் கட்டித் தண்ணீரில் 60 விழுக்காட்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள். அங்கே கதவு கோணமாகச் சேர்வதில்லை, பக்கவாட்டில் நகர்ந்து மூடுகிறது. மூலாக்களும் இல்லை, இழுவைப் படகுகள்தான்.

ஆகவே பயணத்துக்குப் பதிவு செய்யும்போது இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் கடலிலிருந்து கடலுக்கு முழுவதும் கடக்கிறதா, அல்லது கட்டூன் ஏரி வரை ஏறிவிட்டு வந்த வழியே திரும்புகிறதா? பழைய மடைத்தொட்டி வழியா, புதியதா? மிகப் பெரிய கப்பல்கள் புதிய வழியில்தான் போகும். மூலாக்களையும் 1914-ன் கோணக் கதவுகளையும் கிட்டத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நடுத்தர அளவுக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.