அமைலாய்டு – சொல் விளக்கம்

அல்சைமர் என்ற மறதி நோயைப் பற்றி எதைப் படித்தாலும் ‘அமைலாய்டு’ என்ற சொல் வந்துவிடுகிறது. மூளையில் நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படியும் புரதம் அது. நரம்பணுச் சவ்வில் இருக்கும் ஒரு பெரிய புரதத்தை நொதிகள் வெட்டும்போது, 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டுகள் உதிர்கின்றன. எல்லோர் மூளையிலும் நடப்பதுதான். இதில் 42 கொண்ட துண்டுக்கு ஒட்டும் குணம் அதிகம். அகற்றப்படாமல் தேங்கினால் ஒன்றோடொன்று ஒட்டி, இழையாகி, படிவாகிவிடும்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் ‘மூலே’ என்றால் திரிகை. ‘அமுலோன்’ என்றால் திரிகையில் அரைக்காதது. கோதுமையை ஊறவைத்துப் பிசைந்து பால் எடுத்து, அடியில் தங்குவதைக் காயவைப்பார்கள். நாம் அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. இப்படிக் கிடைத்த மாவுச்சத்து லத்தீனில் ‘அமைலம்’ ஆனது. ‘போன்றது’ எனப் பொருள்படும் ஈறு சேர்ந்து ‘அமைலாய்டு’.

மாவுக்கும் மூளைக்கும் முடிச்சுப் போட்டவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ. மாவுச்சத்தில் அயோடின் பட்டால் நீலமாகும் என்பது பள்ளியிலேயே செய்து பார்த்த சோதனை. மூளையில் கண்ட நுண்ணிய உருண்டைகள்மேல் 1854இல் அவர் அயோடினை இட்டார். வெளிர்நீலம் வந்தது, கந்தக அமிலம் சேர்த்ததும் ஊதாவானது. மாவுச்சத்தின் இனம் என்று முடிவுகட்டி இந்தப் பெயரை வைத்தார். 1859இல் ஃப்ரீட்ரைஷ், கெக்குலே என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய படிவுகளை ஆராய்ந்து, இது மாவே அல்ல, புரதத்தின் வகை என்று காட்டினார்கள். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் 51 வயது அகுஸ்ட டேட்டரைப் பார்த்த அலோய்ஸ் அல்சைமர் எழுதிவைத்த குறிப்பு இன்றும் மனதைப் பிசைகிறது. அந்த அம்மா காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ‘கீரை’ என்கிறார். சில பொருள்களைக் காட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் எதைக் காட்டினார்கள் என்பதே நினைவில் இல்லை. 1906இல் அவர் இறந்தபின் மூளையில் இந்தப் படிவுகளையும், நரம்பணுக்களுக்குள் முறுக்கிய நார்ச்சிக்கல்களையும் அல்சைமர் கண்டார். அமைலாய்டுப் புரதத் துண்டைக் கிளென்னர், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்தறிந்தது 1984இல்தான்.

அமைலாய்டு சேர்வதற்கும் மறதிக்கும் இடையே பெரிய காலதூரம் உண்டு. படிவு தொடங்கி 15, 20 ஆண்டுகள் வரை ஆளிடம் ஒரு மாற்றமும் தெரியாமல் இருக்கலாம். படிவு இருந்தும் கடைசிவரை நல்ல ஞாபகத்தோடு வாழ்ந்தவர்கள் உண்டு. மறதியோடு நெருங்கிய தொடர்புடையது டௌ என்ற இன்னொரு புரதத்தாலான அந்த நார்ச்சிக்கல். அது பொட்டுப் பக்கத்து மூளை மடலின் உட்புறத்தில், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு வாசலாக இருக்கும் இடத்தில் முதலில் தென்படுகிறது. புதிய நினைவுகள் பதிய அந்த வழி வேண்டும். அதனால்தான் காலையில் மாத்திரை போட்டது மறந்துபோகிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பது அப்படியே நிற்கிறது.

இனி தமிழ்ச் சொல். ‘மெட்டலாய்டு’ உலோகப்போலி ஆனதுபோல இதை ‘மாவுப்போலி’ எனலாம். வேருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனாலும் எனக்கு அது வேண்டாம். “மூளையில் மாவுப்போலி படிந்திருக்கிறது” என்று ஒரு மகளிடம் சொன்னால், அன்று இரவே அப்பாவுக்கு இட்லியை நிறுத்திவிடுவார். சாப்பிடும் மாவுக்கும் இந்தப் படிவுக்கும் பெயரளவில்தான் உறவு. 1859இலேயே தவறென்று தெரிந்ததைத் தமிழில் புதிதாக ஏன் விதைக்க வேண்டும்?

‘படிவுப் புரதம்’ என்பது என் பரிந்துரை. முதல் இடத்தில் ‘அமைலாய்டு எனும் படிவுப் புரதம்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் படிவுப் புரதம் என்றே தொடரலாம். இதயத்திலும் சிறுநீரகத்திலும் இதே வகைப் புரதங்கள் படியும் ‘அமைலாய்டோசிஸ்’ நோய்க்கும் ‘படிவுப் புரத நோய்’ என்பது சரியாகவே பொருந்துகிறது.