கட்டாயப் புகாரா, தெரிவிக்கும் கடமையா?

பள்ளி ஆசிரியர்களுக்கான குழந்தைப் பாதுகாப்புக் குறிப்புகளில் 'கட்டாயப் புகார்' என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. 'மேண்டேட்டரி ரிப்போர்டிங்' என்பதற்கான தமிழாம். குழந்தைக்குக் கொடுமை நடப்பதாக அறிய வரும் ஆசிரியர் அதை உரிய இடத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டக் கடமைதான் அது. அதைப் புகார் என்று எழுதுவது பிழை. குழந்தைக்குக் கேடு செய்யும் பிழை.

பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'மேண்டேட்' லத்தீனில் கையில் ஒப்படைப்பது, அதாவது கட்டளை. 'ரிப்போர்ட்' சேதியைக் கொண்டுவந்து சேர்ப்பது. 1962-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பியும் உடன் பணியாற்றியவர்களும் வீட்டில் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் இப்படித் தெரிவிப்பதைக் கடமையாக்கிச் சட்டம் இயற்றின. முதலில் மருத்துவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட கடமை, பிறகு ஆசிரியர்களுக்கும் வந்தது. இந்தியாவில் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ன் போக்சோ சட்டம் இதை எல்லோருக்கும் வைத்திருக்கிறது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், நடந்தது தெரிந்திருந்தாலும், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு.

இப்போது 'புகார்'. இது இந்தியிலிருந்து வந்த சொல், கூவி அழைப்பது என்று பொருள். காவிரி கடலில் கலக்கும் இடத்துப் புகார் வேறு. வெளியிலிருந்து வந்த சொல் என்பதால் நான் இதைத் தள்ளவில்லை. மின்வாரியம் முதல் ரேஷன் கடை வரை எல்லா இடத்திலும் நன்றாகவே உழைக்கிற சொல்தான். என் சண்டை அதன் பொருளோடு. பாதிக்கப்பட்டவர் கொடுப்பது புகார். அதில் ஒருவர்மீது குற்றம் சாட்டுகிறோம், சாட்டியவர் நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கொடுத்த புகாரை வாபஸ் வாங்கலாம் என்றும் நினைக்கிறோம். இத்தனையும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஆசிரியர் மனதுக்குள் வந்துவிடுகின்றன. 'பெற்றோரே புகார் கொடுக்கவில்லை, நான் எப்படிக் கொடுப்பது?' என்று ஒரு டீச்சர் தயங்குகிறார். 'எழுத்துமூலம் புகார் வரட்டும், பார்க்கலாம்' என்கிறார் தலைமை ஆசிரியர். சட்டம் இந்த இரண்டையும் ஏற்காது. பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றோ, ஆதாரம் திரட்டிக்கொண்டு வா என்றோ அது கேட்கவில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று பாதுகாப்பும் தருகிறது. தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும்.

இன்னொன்று. சட்டத்தின் 22-ஆம் பிரிவு 'பொய்ப் புகார் அல்லது பொய்த் தகவல்' என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது. 19-ஆம் பிரிவு கேட்பது தகவல் மட்டும். சட்டம் எழுதியவர்கள் பிரித்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் எதற்காக ஒன்றாக்க வேண்டும்?

சரி, 'கட்டாய அறிக்கையிடல்' என்கிறார்களே, அது தேவலையா? இல்லை. அறிக்கை என்றால் நமக்குத் தாளில் எழுதிய ஒன்று: ஆண்டறிக்கை, நிதிநிலை அறிக்கை. கிறிஸ்தவர்களிடம் கேட்டால் அறிக்கையிடுவது என்பது தன் பாவத்தைத் தானே ஒப்புக்கொள்வது. பள்ளிக்கூடங்களில் 'ரிப்போர்ட் பண்ணிட்டேன்' என்றால் பெரும்பாலும் எச்.எம்.மிடம் சொல்லியாயிற்று என்று அர்த்தம். எச்.எம்.மிடம் சொல்வதோடு சட்டக் கடமை முடிவதில்லை என்பதை இந்தச் சொற்கள் எதுவும் உணர்த்துவதில்லை.

நான் எழுதுவது 'தெரிவிக்கும் சட்டக் கடமை'. அந்தக் கடமை உள்ளவர் 'தெரிவிக்கக் கடமைப்பட்டவர்'. தெரிதல், தெரிவித்தல்: எனக்குத் தெரிந்ததை உரியவருக்குத் தெரியவைக்கிறேன், அவ்வளவுதான். குற்றம் சாட்டுதலும் நிரூபித்தலும் இதில் இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 'கட்டாய' என்ற அடைமொழியைவிடக் 'கடமை' நல்லது. கட்டாயம் யாரோ கழுத்தில் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கிறது, கடமை ஆசிரியருடையது.

இதே குறிப்புகளில் வேறு சிலவும் உறுத்துகின்றன. 'சந்தேகிக்கப்படும் குழந்தை வன்கொடுமை' என்று எழுதினால் சந்தேகம் குழந்தைமீது விழுகிறது. 'குழந்தைக்குக் கொடுமை நடப்பதாக ஐயம்' என்று எழுத என்ன தடை? இலங்கைத் தமிழில் 'சிறுவர் துஷ்பிரயோகம்' ஊன்றிவிட்டது. துஷ்பிரயோகம் என்றால் தவறாகப் பயன்படுத்துதல். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தலாம், நிதியைத் தவறாகப் பயன்படுத்தலாம். குழந்தையைச் சரியாகப் பயன்படுத்தும் வழி ஒன்று உண்டா? ஆங்கிலத்து 'அப்யூஸ்' என்ற சொல்லைப் பிய்த்து அப்படியே ஒட்டியதால் வந்த வினை இது. 'கொடுமை' நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது.

சுற்றறிக்கை எழுதுபவர்கள் ஒரு வரியை மாற்றினால் போதும். 'கட்டாயப் புகார் அளிக்கவும்' என்பதை எடுத்துவிட்டு, 'ஐயம் வந்தாலே காவல்துறைக்கு உடனே தெரிவியுங்கள். விசாரிப்பது உங்கள் வேலை அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தால் அடுத்து என்ன செய்வது என்று சொல்வார்கள்' என்று போடலாம்.