கானர்பேஷன்: ஊர்கள் கூடி உருவாகும் கூட்டுநகரம்

கானர்பேஷன் என்ற ஆங்கிலச் சொல்லைப் பலர் தமிழில் 'பெருநகரம்' என்றே எழுதிவிடுகிறார்கள். அதில் பொருள் பாதி போய்விடுகிறது. பெருநகரம் என்பது ஓர் ஊர் பெருத்து வளர்ந்தது. அதற்கு ஒரு நடு உண்டு, மற்றதெல்லாம் அதன் புறம். கானர்பேஷனுக்கு அப்படி ஒரே நடு இருக்க வேண்டியதில்லை. தனித்தனியாகத் தோன்றிய பல ஊர்கள் அவரவர் தொழிலால் வளர்ந்து, இடையில் கிடந்த வயலையும் தோப்பையும் விழுங்கி, ஒன்றின் எல்லை இன்னொன்றின் எல்லையைத் தொட்டுவிட்ட நிலை அது. வரைபடத்தில் ஒரே கட்டடப் பரப்பாகத் தெரியும். நேரில் போனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் கடைவீதி, தனி நகராட்சி இருக்கும்.

சொல்லின் வேர் இலத்தீன். 'கான்' என்றால் கூட, சேர்ந்து. 'அர்ப்ஸ்' என்றால் நகரம். ஆனால் உரோமானியர் காலத்தில் இப்படி ஒரு சொல் கிடையாது. பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1915இல் வெளியிட்ட 'சிட்டீஸ் இன் எவொல்யூஷன்' நூலில் புதிதாக உருவாக்கியது இது. கெடிஸ் (1854–1932) அடிப்படையில் உயிரியலாளர், டண்டீயில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். செடிகொடிகள் வளர்வதைக் கவனித்த அதே கண்ணோடு ஊர்கள் வளர்வதையும் கவனித்தார். பிரிட்டனின் மக்கள்தொகை வரைபடத்தில் லங்காஷயரின் பஞ்சாலை ஊர்களும் பர்மிங்ஹாம் பக்கத்து இரும்புத் தொழில் ஊர்களும் ஒட்டிக்கொண்டே வருவது அவருக்குத் தெரிந்தது. நிர்வாக எல்லைகளோ வயல்களுக்கு நடுவே ஊர்கள் தனியாக நின்ற காலத்தில் வரைந்தவை. இந்தப் புதிய உருவத்துக்குப் பெயர் தேடியவர், விண்மீன் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்துப் பார்த்து, பொருந்தாது என்று விட்டார். குவியல் என்று பொருள்படும் சொல் உண்மைக்கு நெருக்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஊர்களை இழிவாகப் பேசுவதுபோல ஒலித்தது. அப்புறம்தான் கானர்பேஷன் என்று சொல்லிப் பார்த்தார். அது நின்றுவிட்டது.

இந்தக் கெடிஸுக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் அவர் இங்கே புறப்பட்டு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிக்கான வரைபடங்களும் படங்களும் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் தனியாக வந்தன. அந்தக் கப்பலை அக்டோபரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதும், 'அவன் பெரிய எம்டன்' என்று நம் பேச்சில் இன்னும் உலவுவதும் இதே எம்டன்தான். நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய பொருள்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்கு அறிக்கைகளும் எழுதினார். நெரிசலைக் குறைக்கிறோம் என்று குடியிருப்புகளை இடித்து நேர்கோட்டில் சாலை போடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்து, அங்கங்கே கொஞ்சம் திறந்த இடம் விட்டு, மரம் நட்டால் போதும் என்பது அவர் வாதம். ஊர் ஓர் உயிர் என்று நம்பியவர் வேறு எப்படி எழுதுவார்?

கானர்பேஷன் எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க ஜெர்மனியின் ரூர் பகுதியைவிட நல்ல இடம் இல்லை. டூயிஸ்பர்க், எஸ்ஸன், போகும், டார்ட்மண்ட் ஆகியவை ஹெல்வேக் என்ற பழைய வணிகப் பாதையில் அமைந்த இடைக்காலத்து ஊர்கள். 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரி ஆழமாகத் தோண்டப்பட்டதும் கணக்கு மாறியது. சுரங்கக் குழி எங்கே இறங்குகிறதோ அங்கேயே தொழிலாளர் குடியிருப்பு எழுந்தது. கோவிலையோ சந்தையையோ சுற்றி ஊர் வளரும் வழக்கம் அங்கே எடுபடவில்லை. 1847இல் திறந்த ஒரு ரயில் நிலையத்தைச் சுற்றியே ஓபர்ஹௌசன் என்ற நகரம் முளைத்தது. குழிக்குக் குழி குடியிருப்பு, நடுவில் எஃகு ஆலை, இணைக்க டிராம் பாதை. சில தலைமுறைகளில் எல்லாம் ஒட்டிக்கொண்டன. இன்று அந்தப் பகுதியில் 53 நகராட்சிகளும் 50 லட்சத்துக்கு மேல் மக்களும் இருக்கிறார்கள். இவற்றில் எது தலைநகரம் என்று கேட்டால் யாராலும் ஒன்றைக் காட்ட முடியாது.

ஊர்கள் ஒட்டியதும் எல்லாருக்கும் பொதுவான ஒன்று சிக்கலாகும். ரூரில் அது எம்ஷர் ஆறு. சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே நிலம் அமிழ்ந்ததால், பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் போட முடியவில்லை, போட்டால் உடைந்துவிடும். எல்லா ஊர்களும் ஆலைகளும் கழிவை ஆற்றிலேயே விட்டன. ஒரு நகராட்சி மட்டும் சுத்தம் செய்து பயனில்லை, மேலே இருப்பவர்கள் விடுவது வந்துகொண்டே இருக்கும். 1899இல் ஊர்களும் சுரங்க முதலாளிகளும் சேர்ந்து ஆற்றுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள், எம்ஷர்கெனோசன்ஷாஃப்ட் என்று பெயர். ஆற்றைக் கான்கிரீட் வாய்க்காலாக்கிக் கழிவை ஓட வைத்ததும் அந்தச் சங்கம்தான். சுரங்கங்கள் மூடி நிலம் அமிழ்வது நின்றபின், 1992 முதல் அதை மீட்கத் தொடங்கியதும் அதுவே. நிலத்தடியில் 51 கிலோமீட்டர் கழிவுநீர்க் கால்வாய், 500 கோடி யூரோவுக்கு மேல் செலவு. 2021 இறுதியில் எம்ஷரில் சாக்கடை விழுவது நின்றது.

எல்லாக் கூட்டுநகரமும் ஒரே உருவத்தில் இருக்காது. நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம், ஹேக், ராட்டர்டாம், உட்ரெக்ட் நான்கும் வளையம்போல அமைந்து, நடுவில் மேய்ச்சல் நிலத்தை விட்டுவைத்திருக்கின்றன. அந்த வளையத்துக்கு ராண்ட்ஸ்டாட் என்று பெயர், விளிம்பு நகரம் என்று பொருள். ஹூக்ளி ஆற்றங்கரையில் கொல்கத்தாவும் ஹௌராவும் சணல் ஆலை ஊர்களும் ஆற்றோடு நீளமாகக் கோத்துக்கொண்டன. இரண்டே ஊர்கள் சேர்ந்தால் இரட்டை நகரம். திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தாமிரபரணியின் இரு கரையில் இருந்தவை. 1994இல் மேலப்பாளையத்தோடு சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இணைநகரம்' எனலாம் என்பார்கள். ஆனால் இணை என்றதும் சோடிதான் நினைவுக்கு வரும். 'நகரத்தொகுதி' என்றால் தேர்தல் தொகுதி என்று படிப்பவர்களே அதிகம். 'நகர்த்திரள்' அழகான சொல். அதை அர்பன் அக்ளாமரேஷனுக்கு விட்டுவிடலாம். ஒரு நகரமும் அதைச் சுற்றி வழிந்த பகுதிகளும் சேர்ந்த மொத்தத்தை நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்படித்தான் குறிக்கிறார்கள். மெட்ரோபொலிஸுக்குக் கிரேக்கத்தில் தாய்நகரம் என்று பொருள். அதற்குப் பெருநகரம் நிலைத்துவிட்டது. பாஸ்டனிலிருந்து வாஷிங்டன் வரை நீளும் நகரத் தொடருக்கு 1961இல் ழான் கோட்மன் எடுத்தாண்ட மெகாலோபொலிஸை நகரத்தொடர் என்றே சொல்லிவிடலாம். கானர்பேஷனுக்கு என் தேர்வு கூட்டுநகரம். கூட்டாட்சி என்னும்போது மாநிலங்கள் கரைந்துவிடுவதில்லை, கூட்டுறவு என்னும்போது உறுப்பினர் மறைந்துவிடுவதில்லை. 'கூட்டு' என்ற முன்னொட்டுக்குத் தமிழில் அந்தப் பொருள் ஏற்கெனவே ஊறியிருக்கிறது.

அப்படிப் பார்த்தால் சென்னை கூட்டுநகரம் ஆகாது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் 1639இல் கோட்டைக்கு இடம் வாங்கியதற்கு எவ்வளவோ முந்தியவைதான். ஆனால் கோட்டையும் துறைமுகமும் அவற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. ஆவடி, தாம்பரம் தனி மாநகராட்சி ஆனபின்னும் அந்த இழுப்பு குறையவில்லை. 2011 கணக்கெடுப்பில் அன்றைய மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 46 லட்சம் பேர், திரள் முழுக்க 86 லட்சத்துக்கு மேல். ஒரே நடுவைச் சுற்றிப் பெருத்த ஊர் அது.

தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு உரிய இடம் கோயம்புத்தூர்–திருப்பூர்ப் பகுதி. இரண்டுக்கும் நடுவே 50 கிலோமீட்டர் அளவுதான். ஒன்று நூற்பாலைக்கும் பம்ப் செட்டுக்கும் பெயர் போனது, மற்றது பனியனுக்கு. நடுவில் சூலூர், கருமத்தம்பட்டி, அவிநாசி, பக்கத்தில் பல்லடம். ஒவ்வொன்றுக்கும் தறியோ ஆலையோ சொந்தமாக உண்டு. திருப்பூர் கோவையின் புறநகர் என்று சொன்னால் திருப்பூர்க்காரர் ஒப்பமாட்டார், அது நியாயமும்கூட. முழுக்க ஒட்டிவிடவில்லை, ஒட்டிக்கொண்டு வருகின்றன.

இவற்றைக் கோக்கும் ஆறு நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை வழியாகத் திருப்பூர் போய், கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. கோவையின் சாக்கடையும் திருப்பூரின் சாயமும் அதில்தான் கலந்தன. ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியது, கீழே நிலங்கள் உப்பேறின. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. வழக்கு வரை போன பிறகு ஆலைகளை நிறுத்துவதும் திறப்பதுமாக இருப்பதைவிட, அங்கே திட்டம் போடுகிறவர்கள் எம்ஷர் சங்கம் செய்ததுபோல மலையடிவாரத்திலிருந்து காவிரி வரை ஆற்றை ஒரே கணக்கில் வைத்துத் தொடங்க வேண்டும். சாலையும் மேம்பாலமும் அதற்குப் பிறகு வரட்டும்.