மருந்தடிக்காத நிலத்துக்குச் சான்று: பி.ஜி.எஸ். வாங்கப் போகிறவர்கள் ஏமாறும் இடங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு விவசாயி லேமினேட் செய்த தாள் ஒன்றோடு வந்தார். மூன்று ஏக்கர், பாரம்பரிய நெல், பல வருடமாக உப்பு உரம் போடாதவர். "சான்று வாங்கிட்டேன், ஆனா கடைக்காரர் செல்லாதுங்கிறார். என்னன்னு பாருங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு வியாபாரியின் பெயரில் வழங்கிய குழுச் சான்றின் நகல் அது. இணைப்புப் பட்டியலில் இவர் பெயரே இல்லை. போதாக்குறைக்கு, காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. இந்தத் தாளுக்குத் தரகர் வாங்கியது எட்டாயிரம் ரூபாய்.

இயற்கை விவசாயிகளுக்கான பி.ஜி.எஸ். சான்றுக்குப் போய், அவரைப் போல இன்னொருவர் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இந்தியாவில் செல்லுபடியாகும் சான்று முறைகள் முக்கியமாக இரண்டு. என்.பி.ஓ.பி. என்கிற அங்கக (ஆர்கானிக்) உற்பத்திக்கான தேசியத் திட்டம் 2001-இல் வந்தது, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபீடா நடத்துகிறது. ஏற்றுமதிக்கு இதுதான் வேண்டும். தமிழ்நாட்டில் இதை வழங்கும் அரசு அமைப்பு கோயம்புத்தூரில் இருக்கிறது. இரண்டாவது பி.ஜி.எஸ். இந்தியா, அதாவது விவசாயிகளே ஒருவருக்கொருவர் உறுதி சொல்லும் சான்று முறை. மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் காஜியாபாத்தில் உள்ள மையம் நடத்துகிறது. இது உள்நாட்டு விற்பனைக்கு மட்டும். இதில் வெளியாள் வந்து ஆய்வு செய்வதில்லை. ஒரே ஊரையோ பக்கத்து ஊர்களையோ சேர்ந்த குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். இப்படிப்பட்ட குழுக்களுக்கு மேலே இருக்கும் மண்டலக் குழு அதைச் சரிபார்த்து இணையத்தில் ஏற்றும். ஆக, இதில் தரகருக்கு வேலையே கிடையாது. பி.ஜி.எஸ். வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுக்குச் சான்று தேவைதானா? விளைந்ததைத் தெரிந்த வீடுகளுக்கு நீங்களே நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளர் என்றால், 2017-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகளே விலக்கு கொடுத்திருக்கின்றன. விற்றுமுதல் வரம்பு ஆண்டுக்கு 12 லட்சம். ஆனால் ஜைவிக் பாரத் என்கிற அங்கக உணவு முத்திரையைப் பையில் போடக்கூடாது. கடைக்கோ இடையில் இருப்பவருக்கோ கொடுத்தால் இந்த விலக்கு உங்களைக் காப்பாற்றாது. செக்கு எண்ணெய், மாவு என்று மாற்றிப் பாட்டிலிலும் பாக்கெட்டிலும் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் தனியாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். அது வேறு கதை.

சரி, பி.ஜி.எஸ். வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். முதலில் தடுக்கி விழும் இடம் நில ஆவணம். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அல்லது நாலு அண்ணன் தம்பி சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். உழுவது மனைவி, பட்டா கணவன் பெயரில். அலுவலகத்தில் சிட்டாவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இனிஷியல் மாறினாலே திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். குழு சேர்வதற்கு முன்பே இதைச் சரிசெய்யுங்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகளிடம் சம்மதக் கடிதம் வாங்கி வையுங்கள்.

குத்தகைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். வாய்மொழிக் குத்தகையில் உழுபவரிடம் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. எழுதிக் கொடுங்கள் என்றால் நிலக்காரர் பயப்படுகிறார். குத்தகைப் பதிவுச் சட்டம் 1969-லிருந்து இருக்கிறது, ஆனால் பதிந்துவிட்டால் நிலத்தை மீட்க முடியாது என்பது ஊரில் உள்ள நம்பிக்கை. மூன்று வருடத்துக்காவது எழுத்தில் தராத நிலத்தில் சான்றுக்காக உழைப்பைக் கொட்டாதீர்கள். மண் தேறி வரும் நேரத்தில் நிலத்தைத் திருப்பிக் கேட்டால் மண்ணும் போச்சு, சான்றும் போச்சு.

அடுத்தது காலக்கணக்கு. "நான் பதினைந்து வருஷமா இயற்கை விவசாயம்தான்" என்பது பேச்சில் எடுபடாது. பதிவு இருந்தால்தான் கணக்கில் வரும். பொதுவாக நெல், காய்கறி போன்ற பயிர்களுக்கு இரண்டு வருடம், தென்னை, மா போன்றவற்றுக்கு மூன்று வருடம் மாற்றக்காலம், அதாவது ரசாயனத்தை விட்டு நிலம் மாறி வரும் காலம். அதுவரை கிடைப்பது பி.ஜி.எஸ். கிரீன். அதன் பிறகுதான் பி.ஜி.எஸ். ஆர்கானிக். இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். விதைத்த தேதி, மீன் அமிலம் தெளித்த தேதி, எரு எங்கிருந்து வந்தது, அறுவடை எத்தனை மூட்டை, எல்லாம் எழுதுங்கள்.

யூரியா வாங்க கட்டைவிரலை மெஷினில் வைத்தால் போதும், ஐந்து நிமிடத்தில் மானிய மூட்டை கைக்கு வந்துவிடும். போடவில்லை என்று நிரூபிக்க இரண்டு மூன்று வருடம் நோட்டு எழுதவேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய. இதிலும் ஒரு கண்ணி உண்டு: மச்சானுக்காகவோ பக்கத்து வயல்காரருக்காகவோ உங்கள் ஆதாரில் யூரியா வாங்கிக் கொடுக்காதீர்கள். நாளைக்கு யாராவது அதை எடுத்துக் காட்டினால் பதில் சொல்ல முடியாது.

இரண்டு ஏக்கரை இயற்கையாக வைத்து, மிச்சத்தில் மருந்தடிப்பதும் இதில் நடக்காது. முழு நிலத்தையும் ஆடு மாடோடு சேர்த்து இதற்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் விதி. குழு சேரும்போது பலரும் இதைச் சொல்வதில்லை. இரண்டாம் வருடம்தான் தெரியவரும்.

எரு விஷயத்தில் நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கோழி எரு மலிவாகக் கிடைக்கிறது என்று லோடு அடித்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கில் கூண்டில் அடைத்து வளர்க்கும் பண்ணையின் எருவை அங்கக விதிகள் ஏற்பதில்லை. டிப்போவில் வாங்கும் விதையையும் பார்த்து வாங்குங்கள். சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் பூஞ்சாணக்கொல்லி கலந்தது. உரக்கடையில் "ஆர்கானிக்" என்று பெயர் ஒட்டிய பாட்டிலை வாங்கினால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது.

பக்கத்து வயலில் இப்போது டிரோனில் மருந்தடிக்கிறார்கள். காற்று உங்கள் பக்கம் திரும்பினால் முடிந்தது. வரப்போரம் அகத்தியோ சவுக்கோ நட்டு உயிர்வேலி போடுங்கள். எல்லையை ஒட்டிய பட்டையில் விளைவதைத் தனியாக அறுத்து, சான்று இல்லாத விளைச்சலாக விற்றுவிடுங்கள். மேல் வயல் தண்ணீர் உங்கள் மடை வழியாக வருகிறது என்றால் ஆய்வில் அதைக் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லி, என்ன தடுப்பு செய்திருக்கிறீர்கள் என்றும் காட்டுங்கள்.

இனி பணம். இயற்கை விவசாயத்துக்கான மத்திய அரசு மானியத் திட்டமான பரம்பராகத் க்ருஷி விகாஸ் யோஜனா பற்றி மேடையில் ஹெக்டேருக்கு 31,500 ரூபாய் என்பார்கள். அது மூன்று வருடத்துக்குச் சேர்த்துச் சொல்லும் தொகை. பயிற்சி, சந்தைப்படுத்தல், சான்றுச் செலவெல்லாம் போக உங்கள் கணக்குக்கு இடுபொருளுக்காக வருவது 15,000. அதுவும் மூன்று வருடத்துக்கு. ஏக்கர் கணக்கில் வருடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் சொச்சம், அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர் வரை. இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பணத்துக்குப் பதிலாக டப்பாவும் பாக்கெட்டும் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், எவ்வளவு தொகைக்கு என்று எழுதியிருக்கிறதா எனப் படித்துவிட்டுப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

அலுவலக அலைச்சல் தனி அத்தியாயம். நெல் என்றால் வேளாண்மை உதவி இயக்குநர். வாழையும் கத்தரியும் என்றால் தோட்டக்கலை. சான்று என்ற சொல் வாயில் வந்துவிட்டால் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்பு அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் "குழுவா? வேளாண்மையில கேளுங்க" என்பார்கள். நெல்லும் வாழையும் சேர்த்து வைத்திருப்பவர் மூன்று படியும் ஏறவேண்டும். போதாததற்கு "இந்த வருஷ இலக்கு முடிஞ்சுபோச்சு" என்ற பதில். இலக்கு மானியத்துக்குத்தான், குழு அமைக்க இலக்கு கிடையாது. மண்டலக் குழுவாகத் தொண்டு நிறுவனங்களும் இருக்கலாம் என்பதால் அரசு அலுவலகம் மட்டும்தான் வழி என்பதும் இல்லை.

வாயால் கேட்காதீர்கள். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் விழும், யாராவது பதில் எழுதியாக வேண்டும். அதிலும் நகரவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, முப்பது நாள் கெடு. பலமுறை, மனு போன மறுவாரமே தொலைபேசி வந்துவிடுகிறது!

குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். ஐந்து பேர் கணக்குக்காக மருந்தடிக்கும் ஒருவரைச் சேர்த்தால் அவர் தப்பு மற்றவர்கள் தலையிலும் விழும். நீ என் வயலைப் பார், நான் உன் வயலைப் பார்க்கிறேன் என்று இருவர் மாறி மாறிக் கையெழுத்துப் போடுவதும் கூடாது. கூட்டப் பதிவேட்டில் வராதவர் கையெழுத்து வேண்டாம். சான்றின் ஆயுள் ஒரு வருடம்தான். நடவு மும்முரத்தில் புதுப்பிக்க மறந்து, மாற்றக்காலத்தை முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

லேமினேட் தாளோடு வந்தவர் இப்போது ஊரிலேயே ஏழு பேர் குழுவில் இருக்கிறார். எட்டாயிரம் திரும்பி வரவில்லை. சென்ற வாரம் முத்திரை போட்ட பை ஆயிரம் அச்சடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் இன்னும் பி.ஜி.எஸ். கிரீனில்தான் இருக்கிறார், ஆர்கானிக் முத்திரைப் பையை இப்போது கடைக்குக் கொடுத்தால் குழு மொத்தமும் மாட்டும். வெறும் சாக்கில் ஊர் பெயரும் நெல் ரகமும் அறுத்த தேதியும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.