செவ்வாய், வியாழன் மட்டும் வரும் வயிற்றுவலி

மும்பை செம்பூரில் உள்ள என் ஆலோசனை அறைக்கு அந்த அம்மா முதலில் வந்தது மகனின் வயிற்றுவலிக்காக. "செவ்வாயும் வியாழனும் மட்டும் வயித்த வலிக்குதுங்கறான் மேடம். ஓமத் தண்ணி குடுத்தாச்சு, டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. ஒண்ணுமில்லங்கறாங்க. கிளாஸுக்கு மட்டம் போடப் பொய் சொல்றானோ?"

பையனுக்குப் பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. ஆட்டிசம் இருப்பது ஆறு வயதிலேயே தெரிந்துவிட்டது. பொய் சொல்ல அவனுக்கு வராது என்பதும் எனக்குத் தெரியும். (குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வலி எப்படி இருக்கும் என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னான். வயிற்றுக்குள் ஏதோ திரும்புகிறது, உள்ளங்கை வேர்க்கிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது. கடைசியாக, "அவ வராத அன்னைக்கு மட்டும் வலி இல்ல மேடம்" என்றான். செவ்வாயும் வியாழனும் கணக்கு கிளாஸ். அடுத்த பெஞ்சில் ஒரு பெண்.

ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தன் உடம்புக்குள் நடப்பது என்ன உணர்ச்சி என்று பிரித்துச் சொல்வது கடினம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உணர்ச்சி இல்லாமல் இல்லை. அது பெயரில்லாமல் வருகிறது, அவ்வளவுதான். பசியா, பயமா, ஆசையா என்று தெரியாதபோது வயிற்றுவலி என்றுதான் சொல்லத் தோன்றும்.

நான் விளக்கியபோது அப்பா தலையாட்டி மறுத்தார். "அவன் சின்னப் புள்ள மாதிரி மேடம். அந்த நெனப்பெல்லாம் அவனுக்கு வராது." இந்த வார்த்தையை இந்த அறையில் எத்தனையோ பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மையல்ல. பேச்சு தாமதமாக வந்த பிள்ளைக்கும் மீசை மற்றவர்களைப் போலவே முளைக்கிறது. மனசும் அப்படித்தான். ஒருவரைப் பார்க்க வேண்டும், அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவருக்குப் பிடித்தமானவனாக வேண்டும் என்ற ஏக்கம் இந்தப் பிள்ளைகளுக்கும் வருகிறது. சிலருக்கு வராது, சிலருக்குத் தாமதமாக வரும். அதுவும் மற்றவர்களைப் போலத்தான்.

இவனுக்கு உயிர் மழைக்கணக்கு. வானிலை ஆய்வு மையம் முந்தைய 24 மணி நேர மழையைக் காலை 8.30-க்குக் கணக்கெடுக்கும். கொலாபாவில் எவ்வளவு, சாந்தாக்ரூஸில் எவ்வளவு என்று இரண்டு பத்தி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டே வருகிறான். 2005 ஜூலை 26-இல் சாந்தாக்ரூஸில் 944 மி.மீ. கொட்டியது அவன் பிறப்பதற்கு முன்பு. ஆனால் நேரில் நனைந்தவன் போலச் சொல்வான்.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை, கிளாஸ் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அந்தப் பெண் பொதுவாகக் கேட்டிருக்கிறாள், "நாளைக்கும் இப்படியே கொட்டுமா?" இவன் எண்களோடு பதில் சொன்னான். அவள் சிரித்து, "சூப்பர், எனக்கும் அனுப்பு" என்றாள்.

அனுப்பினான். மறுநாள் காலை 8.30-க்கு, அதற்கு மறுநாள், அப்புறம் தினமும். முதலில் அவளிடமிருந்து ஸ்மைலி வந்தது. பிறகு "ஓகே", பிறகு "ம்", பிறகு ஒன்றும் இல்லை. விவரம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து 11.30, 2.30, 5.30 நிலவரத்தையும் சேர்த்தான். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. அவள் போன் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, மழை அளவை நேரில் சொல்ல அவர்கள் பில்டிங் கேட்டில் போய் நின்றான். மூன்று நாள் நின்றான். மூன்றாவது நாள் வாட்ச்மேன் அவள் அப்பாவைக் கூப்பிட்டார்.

இதற்கு நடுவில் வகுப்புப் பையன்கள் வேறு. "அவ உன்னையேதான் பார்க்கறா, போய் சொல்லுடா" என்று ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அவர்களை இவன் நண்பர்கள் என்று நம்பினான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் நடக்கும் கொடுமைகளில் இது மிகச் சாதாரணமானது. பெரியவர்கள் கண்ணில் படவே படாததும் இதுதான். பரீட்சையில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் உண்டு. சிபிஎஸ்இ-யில் மூன்று மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம் தருகிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. நல்லது. ஆனால் மதிய இடைவேளையின் அரைமணி நேரத்தில் இவனுக்குத் துணையாக யாருமே இல்லை.

நான் அவனிடம் கேட்டேன், "அவள் பதில் போடவில்லை என்றால் அவளுக்கு விருப்பமில்லை என்று தோன்றவில்லையா?" அவன் சொன்ன பதில் என்னை வெகு நாள் தூங்கவிடவில்லை. "படத்துல அப்படித்தான் மேடம். முதல்ல கோபப்படுவாங்க. மூணாவது பாட்டுல சரியாயிடும்."

காதலைப் பற்றி அவனிடம் வேறு யாரும் எதையும் சொல்லவில்லை. வீட்டில் பேச மாட்டோம், பள்ளியில் பேச மாட்டார்கள், என் மாதிரி ஆட்களும் பேசவில்லை. வேறு பிள்ளைகள் ஜாடைமாடையாகக் கற்றுக்கொள்வார்கள். முகம் சுளிப்பது, பேச்சை மாற்றுவது, தோழி பின்னால் ஒளிவது எல்லாம் அவர்களுக்குப் பாடம். ஜாடையே புரியாத பிள்ளைக்கு நாம் விட்டுவைத்த ஒரே பாடப்புத்தகம் சினிமா. அதில் கதாநாயகன் விடாமல் பின்னால் சுற்றுவான், ஜெயிப்பான். இவன் அதை விதியாக எழுதிக்கொண்டான்.

அந்தப் பெண்ணை நான் சந்திக்கவில்லை. அவள் அம்மாவிடம் பேசினேன். "முதல்ல நல்லாத்தான் இருந்துச்சாம். அப்புறம் பயமாயிடுச்சாம். மனசு நோகுமேன்னு வேண்டாம்னு சொல்லலையாம்" என்றார். அவள் பயம் நியாயமானது. அவனுக்கு ஆட்டிசம் என்பதால் அவள் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடாது. பள்ளியில் ஒரு ஆசிரியர் அப்படிச் சொல்ல ஆரம்பித்தபோது நான் குறுக்கிட்டு மறுத்தேன். 2012-இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், ஒரு கருத்தை முன்வைத்தார். புரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, இரு பக்கமும் இருக்கிறது என்பது அதன் சாரம். இங்கே அதுதான் நடந்தது. "அனுப்பு" என்றதை அவள் ஒரு நாளைக்குச் சொன்னாள், அவன் என்றைக்குமாக எடுத்துக்கொண்டான். அவள் மௌனத்தை "வேண்டாம்" என்று நினைத்தாள், அவனுக்கு மௌனம் வெறும் மௌனம்.

பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. 18 வயதுக்குட்பட்டவரைப் பாலியல் நோக்கத்தோடு விடாமல் பின்தொடர்வது, பார்த்துக்கொண்டே இருப்பது, போனில் தொடர்புகொள்வது எல்லாம் அதன் 11-ஆம் பிரிவில் துன்புறுத்தல். இவன் நோக்கம் மழை அளவு சொல்வது. ஆனால் ஒரு காவல் நிலையத்தில், உரத்த குரல்களுக்கு நடுவே, கண்ணைப் பார்த்துப் பேசாத ஒரு பையன் அதை எப்படி விளக்குவான்? அந்தக் குடும்பம் புகார் கொடுக்காமல் பேச முன்வந்ததால் அவன் தப்பித்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சயான் கோலிவாடாவிலிருந்து வந்த பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஆட்டிசம் என்பதே பதின்மூன்று வயது வரை யாருக்கும் தெரியவில்லை. தோழிகள் சிரித்தால் சிரிப்பாள், அவர்கள் பேசும் தோரணையைப் பார்த்துப் பழகிப் பேசுவாள். அந்த நடிப்பிலேயே மாலைக்குள் சோர்ந்து விழுவாள். அவளிடம் ஒருவன் காதல் என்று சொல்லி முதலில் போன் பாஸ்வேர்டு கேட்டான், பிறகு படங்கள் கேட்டான். கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "பெரியவங்க சொன்னா செய்யணும், கேட்டா குடுக்கணும்னு தெரபியில சொல்லிக் குடுத்தீங்களே" என்றாள்.

அன்று இரவு என் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். கண் பார்த்துப் பேசுதல், கை கொடுத்தல், சொன்னதும் உட்காருதல், வணக்கம் சொல்லுதல். வருடக்கணக்காக இலக்குகள் எழுதியிருக்கிறேன். "வேண்டாம் என்று சொல்லக் கற்றல்" என்று ஒரு கோப்பிலும் இல்லை. "மற்றவர் வேண்டாம் என்பதைக் கேட்டு நிறுத்தக் கற்றல்" என்றும் இல்லை. அதற்குப் பிறகு இந்த இரண்டும் இல்லாமல் நான் எந்தத் திட்டமும் எழுதுவதில்லை. ஒன்பது, பத்து வயதிலேயே ஆரம்பிக்கிறேன். "பிள்ளையைக் கெடுக்கவா?" என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு கதைகளையும் சொல்கிறேன்.

மழைக்கணக்குப் பையனோடு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் வயிற்றுவலிக்குப் பெயர் வைத்தோம். பெயர் தெரிந்ததும் ஓமத் தண்ணி நின்றது. அடுத்து ஒரு சார்ட்டில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து, நடுவில் அவனை, சுற்றிலும் வீட்டாரை, நண்பர்களை, தெரிந்தவர்களை, தெரியாதவர்களை எழுதினோம். யாரோடு எதைப் பேசலாம், எவ்வளவு பக்கத்தில் நிற்கலாம், யார் வீட்டுக்குக் கூப்பிடாமல் போகலாம் என்று ஒவ்வொன்றாக நிரப்பினோம்.

அதிக நாள் எடுத்தது "வேண்டாம்" பட்டியல்தான். தமிழில் வேண்டாம் என்பதை வேண்டாம் என்று சொல்லாமலே சொல்ல எத்தனை வழி! "பார்க்கலாம்", "அம்மா திட்டுவாங்க", "இப்ப பிஸி", "அப்புறம் சொல்றேன்". "அப்புறம்னா எத்தனை மணிக்கு?" என்று அவன் நிஜமாகவே கேட்டான். கேள்வியில் தவறில்லை. கடைசியில் எழுதி ஒட்டினோம்: இரண்டு செய்திக்குப் பதில் இல்லையென்றால் மூன்றாவது கிடையாது. பிளாக் செய்தால் அதுவே முழு பதில், நேரில் போகக்கூடாது. சந்தேகமிருந்தால் ஒரே ஒரு முறை கேட்கலாம், "நிறுத்தட்டுமா?" என்று. எழுதிய விதி அவனுக்குப் பாரமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. "இத ஏன் முதல்லயே சொல்லல?" என்று கேட்டான்.

காதல் போன துக்கம் அவனிடம் அழுகையாக வரவில்லை. கொட்டுகிற ஜூலையில் அவன் நோட்டில் 23 நாட்கள் வெற்றாக இருந்தன. "பரவாயில்ல, மறந்துட்டான்" என்றார் அப்பா. மறக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அது முகத்தில் தெரியாமலும் போகலாம். தூக்கம், சாப்பாடு, உயிராய் நினைத்த விஷயத்தில் ஈடுபாடு, இவை இரண்டு வாரமாகக் குறைந்திருந்தால் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. அவனுக்கு மருந்து தேவைப்படவில்லை. அம்மா தினமும் 8.30-க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்குக் கொலாபா எவ்வளவுப்பா?" என்று கேட்டார். சில நாள் பதில் வரவில்லை, அப்புறம் வந்தது.

இப்போது அவன் ஜூனியர் காலேஜில் பதினொன்றாவது படிக்கிறான். போன மாதம் வந்தபோது, கூடப் படிக்கும் ஒரு பெண் மழை பிடிக்கும் என்று சொன்னதாகச் சொன்னான். எனக்கு நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. "அப்புறம்?"

"கேட்டேன் மேடம். தினமும் மழை அளவு அனுப்பலாமா, வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லு, எனக்கு மத்தது புரியாதுன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாள்?"

"தினமும் வேண்டாமாம். ஞாயித்துக்கிழமை மட்டும் போதுமாம்."

ஒவ்வொரு ஞாயிறும் காலை 8.30-க்கு வாரத்தின் கூட்டுத்தொகையை அனுப்புகிறான். கொலாபா, சாந்தாக்ரூஸ், இரண்டும். ஒரே செய்தியில்.